பொந்தியான் வீட்டின் இரண்டு கோடுகள்

1. முதல் நாளே பெயில்

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், முதல் பரீட்சையிலேயே தோற்றவன் நான். புதிதாக வரும் கள ஊழியர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அனுபவம் என்றால் என்ன, செய்த தப்புகளுக்கு மரியாதையான பெயர். பின்னால் இதைவிடப் பெரிய தோல்வி ஒன்று வருகிறது. இதைப் படித்து அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் க்யூ.சி. வேலை பார்த்தேன். அதாவது, மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பது. வீட்டிலும் அதையே செய்ததாக என் மனைவி சொல்வாள். ஒருநாள் அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஐம்பத்து மூன்று வயது, வீட்டில் மூன்று அலமாரிப் புத்தகம், கையில் வேலை இல்லை. அப்போதுதான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயில் ஓர் ஆய்வுக் குழு, தமிழ் பேசும் மூத்தவர்களைச் சேர்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். தமிழ், மலாய், சொந்தக் கார், பொறுமை ஆகிய நான்கும் வேண்டும் என்றார்கள். நான்காவதை நேர்முகத்தில் யாரும் சோதிக்கவில்லை.

கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம். கீழே லாண்டரி. நாள் முழுக்கச் சோப்பு வாசனையில் நாங்கள் மனித மறதியை ஆராய்ந்தோம்.

“அண்ணே, முதல்ல நீங்க செஞ்சு பாருங்க. நீங்க செய்யாம மத்தவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?” என்று ஒரு போனை நீட்டினார் டாக்டர் லோ.

டாக்டர் லோ எங்கள் குழுவின் தலைவர். அவருடைய அப்பா சாஆ என்ற ஊரில் தோட்டத்துச் சனங்களுக்கு மளிகைக் கடை நடத்தியவர். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய சீனப் பெண்ணுக்குத் தமிழ் தானாக ஒட்டிக்கொண்டது. அவர் பேசுவதைக் கேட்டால், என் மகள் பேசுவதைத் தமிழ் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போனில் ஓர் அறை தெரிந்தது. குடை ஜன்னலோரம், பூட்டு மேசைமேல், வாளி கதவுக்குப் பின்னால் என்று ஆறேழு பொருள்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். நாம் விரலால் இழுத்து, அதது இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பிறகு வேறொரு படத்தில் என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது முடிந்ததும், முதலில் பார்த்த அறை திரும்ப வரும். குடை எங்கே, பூட்டு எங்கே என்று மறுபடி கேட்கும். மொத்தமே பன்னிரண்டு நிமிடம்தான்.

நான் வாளியைக் கட்டிலின் மேல் வைத்தேன்.

“கட்டில் மேல வாளிய யாராச்சும் வைப்பாங்களா அண்ணே?”

“கூரை ஒழுகுற வீட்டுல வைப்பாங்க டாக்டர்.”

சிரித்துவிட்டு விளக்கினார். ஒருநாள் மார்க்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூக்கம் இல்லை, காய்ச்சல், காலையில் மனைவியோடு சண்டை என்று எதுவும் மார்க்கை இறக்கும். அதனால்தான் வாரம் மூன்று முறை, மாதக்கணக்கில், அவரவர் வீட்டிலேயே செய்யச் சொல்கிறோம். ஒருவரை அவருடைய பழைய மார்க்கோடுதான் ஒப்பிடுகிறோம். கோடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மருத்துவமனைக்குக் கூப்பிட்டு, நேரில் உட்காரவைத்து முழுதாகப் பரிசோதிப்போம். வீட்டில் யாரும் கவனிப்பதற்கு முன்பே மறதியின் ஆரம்பம் தெரிந்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

“போன் கை தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். போன் டாக்டர் இல்ல. நீங்களும் டாக்டர் இல்ல,” என்றார். பிறகு மூன்று விதிகள் சொன்னார். நோயின் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. மார்க்கைச் சொல்லக்கூடாது. பரீட்சையை அவரவரே, தனியாக, தன் கையால் செய்ய வேண்டும்.

மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆறு மாதத்துக்குள் மூன்றையும் மீறினேன். அதுவும் கடைசி விதியிலிருந்து ஆரம்பித்து.

2. சாஆவில் ‘கொஞ்சம்’

சாஆ கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்க்கப் போனோம். ஆராய்ச்சி என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தேன். ‘ஞாபகப் பரீட்சை’ என்று யாரோ செய்தி பரப்பிவிட்டார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளை இருபது வருடம் பரீட்சை எழுத வைத்த சனம், தங்களுக்கும் ஒரு வாய்ப்பு வந்ததென்று தலைசீவிக்கொண்டு வந்திருந்தது.

“இதுல பெயிலானா என்ன செய்வாங்க? அடையாள கார்டு, ஐ.சி.யப் பிடுங்கிக்குவாங்களா?” என்று கேட்டார் ஒருவர்.

“பாஸ், பெயில் எல்லாம் கிடையாது ஐயா.”

“அப்ப எதுக்கு எழுதணும்?”

ஓர் அம்மா சர்ட்டிபிகேட் கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன். “மருமகளுக்குக் காட்டணும் தம்பி. நான் மறந்துட்டேன் மறந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. மறக்கறது அவ.”

இரண்டு வாரத்தில் சாஆவில் அதிசயம் நடந்தது. எல்லோரும் முழு மார்க். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, அதிகாலையிலேயே தான் முதலில் பரீட்சை செய்துவிட்டு, ‘இன்னைக்குப் பூட்டு ஜன்னல்கிட்ட. யாரும் மேசைல வைக்காதீங்க’ என்று செய்தி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆளுக்கொரு படம் வருகிற மாதிரி அந்தப் போன் ஆப்பை மாற்றினோம். கிராணி எனக்குப் போன் செய்து, “ஒருத்தருக்கு ஒரு கேள்வி, இன்னொருத்தருக்கு வேற கேள்வி. இது என்ன நியாயம்?” என்று கோபப்பட்டார். எங்கள் குழுவில் அவருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நான் செய்ததுதான் சிரிக்க முடியாதது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆப்பைத் திறக்கத் தெரியவில்லை. பாஸ்வேர்ட் என்றதும் கைப்பையை மூடிக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்துவிடுமே என்ற பதற்றத்தில் நான் மைக்கைப் பிடித்து, “வீட்டுல யாராச்சும் கொஞ்சம் உதவி செய்யலாம், தப்பில்ல,” என்று சொல்லிவிட்டேன். அது எல்லா ஊரிலும் வேலை செய்ததால் எல்லா ஊரிலும் சொன்னேன்.

‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு நம் சனத்திடம் அளவு கிடையாது. கல்யாணப் பந்தியில் கொஞ்சம் சோறு போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

3. மூணாவது தோசை

பொந்தியான் ஊரில் ஒரு தாமான் குடியிருப்பில் மாணிக்கம் அண்ணன் வீடு. வயது அறுபத்தெட்டு. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மனைவி சரோஜா அக்காவுக்கு அறுபத்து நாலு. இருவரையும் ஒரே நாளில் பதிவு செய்தேன்.

“அண்ணே, உங்க வயசு?”

“அறுபத்தெட்டு,” என்றார் அக்கா.

“பிரஷர் இருக்கா அண்ணே?”

“இருக்கு. நான் மாத்திரைய எடுத்துக் கையில வைக்கலைன்னா போடமாட்டாரு.”

“தூக்கம் எப்படி?”

“அவரு நல்லாத் தூங்குவாரு. எனக்குத்தான் தூக்கம் இல்ல, அவ்வளவு சத்தம்.”

நான் நாற்காலியை அண்ணன் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். “காலையில என்ன சாப்பிட்டீங்க அண்ணே?”

அவர் வாயைத் திறந்தார். “ரெண்டு தோசை. மூணாவது வேணாம்னுட்டாரு,” என்று பதில் அடுப்பங்கரைப் பக்கமிருந்து வந்தது.

“நான் எப்ப வேணாம்னேன்? நீ வைக்கவே இல்ல.”

“கேக்கல. அதனால வைக்கல.”

படிவத்தின் கடைசியில் ‘பங்கேற்பாளர் தாமே பதிலளித்தார்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டேன். தொழிற்சாலையில் இப்படி ஒரு டிக் போட்டிருந்தால் என் பழைய சூப்பர்வைசர் அன்றைக்கே என் கழுத்தில் தொங்கும் பாஸைக் கழற்றி வாங்கியிருப்பார்.

அந்த வேன் தொழிலையே அக்காதான் நடத்துகிறார் என்று பேச்சில் தெரிந்தது. அண்ணன் ஓட்டுவார், அவ்வளவுதான். பதினான்கு பிள்ளைகளின் தாய்மாரும் அக்காவுக்குத்தான் போன் செய்வார்கள். இன்றைக்கு இவனுக்குக் காய்ச்சல், நாளைக்கு அவளுக்குக் கூடுதல் வகுப்பு, அடுத்த வாரம் வீடு மாறுகிறோம். அக்கா ஒன்றையும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் தலைக்குள். அண்ணன் வண்டியெடுக்கும்போது வாசலில் நின்று ஒப்பிப்பார்.

“நீங்க போன் வச்சுக்கலையா அண்ணே?” என்றேன்.

“வண்டி ஓட்டும்போது போன் எதுக்கு, எமன்கிட்ட பேசவா?” என்றார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்த போன், ஐஸ்பெட்டியின் மேல் சார்ஜில் படுத்திருந்தது. அதிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அக்காவின் போனிலும் போட்டேன். “கொஞ்சம் உதவி செய்யலாம்,” என்ற மந்திரத்தையும் ஓதிவிட்டுக் கிளம்பினேன்.

4. அன்னாசிப் பழத்தோடு ஒரு கெட்ட செய்தி

ஐந்தாவது மாதம், திங்கட்கிழமை காலை, அலுவலகக் கணினியில் மாணிக்கம் அண்ணனின் பெயர் சிவப்பில் இருந்தது. கோடு படிப்படியாக இறங்கியிருந்தது. இரண்டு வரி கீழே சரோஜா அக்காவின் பெயர் மஞ்சளில் இருந்தது. சிவப்பைப் பார்த்த க்யூ.சி.காரனுக்கு மஞ்சள் கண்ணில் படாது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் லோ கோலாலம்பூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். போனில் சொன்னேன். “நான் புதன்கிழமை வந்துடுவேன். அது வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே,” என்றார்.

புதன்கிழமை வரை என்னால் உட்கார முடியவில்லை. பதினான்கு பிள்ளைகள் அந்த வேனில் போகிறார்கள். அவசரம் நியாயமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் போன விதம்தான் சரியில்லை. வழியில் ஓர் அன்னாசிப் பழம் வாங்கிக்கொண்டேன். கெட்ட செய்தியை வெறுங்கையோடு கொண்டுபோகக் கூடாது பாருங்கள்.

“அண்ணே, மார்க் இறங்கிக்கிட்டே வருது. மறதி நோயோட ஆரம்பமா இருக்கலாம்.”

ஒரே மூச்சில் மிச்சமிருந்த இரண்டு விதிகளும் போயின.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கா?”

“உங்க கோடுதான் அண்ணே. இப்போ ஏதாச்சும் மறந்து போச்சா?”

அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். “போன மாசம் ஒரு பிள்ளைய ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துட்டேன். எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்குன்னு நெனச்சுட்டேன். இல்லன்னு அவங்கம்மா முன்னாடியே சொல்லியிருக்காங்க. வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாங்க. அப்புறம் ஒருநாள், வீடு மாறிப் போன பிள்ளையோட பழைய வீட்டுக்குப் போயி ஹார்ன் அடிச்சேன்.”

“நீங்கதான் மறந்தீங்களா?”

“நான்தான். வேற யாரு?”

அந்த வீட்டில் ஒரு கேள்விக்கு அக்கா பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை. அன்னாசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வெகு நேரம் கழித்துத் தட்டில் கொண்டுவந்தார். அன்னாசி விளையும் பொந்தியானில் பிறந்து வளர்ந்தவர், அன்றைக்குப் பழத்தின் முள்கண்களை எடுக்காமலே நறுக்கியிருந்தார். பாவம், கணவரை நினைத்துக் கலங்கியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு நானும் சாப்பிட்டேன். ஸ்கூடாய் வரைக்கும் நாக்கு அரித்தது.

நான் கிளம்பும்போது, அண்ணன் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் தன் சொந்தத் தமக்கை மகனான மருமகனுக்குப் போன் செய்து, நாளையிலிருந்து வண்டியை நீ எடு என்று சொன்னார்.

5. ஆறு நாற்பது

டாக்டர் லோ திரும்பி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி, நேர்ல பாப்போம். அதுதான் செய்யணும்,” என்று மட்டும் சொன்னார். மருத்துவமனையில் நேரம் கிடைக்க மூன்று வாரம் ஆனது.

இடையில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். மாணிக்கம் அண்ணன் வண்டிக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போர்ட்டிக்கோவில் உட்கார்ந்திருந்தார். மருமகன் போன் செய்தான். அக்கா போனை அவரிடம் கொடுத்தார். “மூணாவது லோரோங் சந்து, பச்சை கேட்டு. நாய் கட்டிப் போட்டுத்தான் இருக்கும், பயப்படாத. அந்தப் பிள்ள தண்ணி பாட்டில எப்பவும் மறக்கும், கேட்டு ஏத்து,” என்றார் அண்ணன். பதினான்கு வீடும், பதினான்கு கேட்டும், நாய்களின் குணமும் வரிசையாக வந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, பழைய ஞாபகம் கடைசியில்தான் போகும் என்று எங்கோ படித்ததை நினைத்துப் பெருமூச்சு விட்டேன். நிறையப் படித்தவனுக்கு முட்டாளாக இருப்பதற்கும் காரணம் சுலபமாகக் கிடைத்துவிடும்.

பரிசோதனை நாளில் டாக்டர் லோ அண்ணனை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ஒன்றரை மணி நேரம். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அங்கிள் நல்லாத்தான் இருக்காரு அண்ணே.”

“நல்லான்னா?”

“உங்களவிட நல்லா.”

“அப்ப ஆப்பு தப்பா?”

“அத நீங்கதான் சொல்லணும். இருபத்திரண்டு வருஷம் க்யூ.சி. பாத்தேன்னு இண்டர்வியூல அவ்வளவு நேரம் பேசினீங்களே.”

அலுவலகம் வந்து உட்கார்ந்தேன். தொழிற்சாலையில் ஒரு தட்டு முழுக்கக் குறையோடு வந்தால், முதலில் பொருளைப் பார்க்கமாட்டோம். எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் கை என்றுதான் பார்ப்போம். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஆபரேட்டர் நம்பர் இருக்கும். இங்கே அப்படி ஒரு நம்பர் இல்லை. ஆனால் பரீட்சை ஆரம்பித்த நேரம் இருந்தது. ஐந்து மாதமாக என் கண் முன்னால் ஒரு பத்தி முழுக்க இருந்தது. நான் ஒருநாளும் படித்ததில்லை.

மாணிக்கம் அண்ணன்: காலை 6.40. 6.42. 6.40. 6.41.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் காலை ஆறு நாற்பதுக்கு எங்கே இருப்பார்? பச்சை கேட்டுக்கு முன்னால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. அவருடைய போன் எங்கே இருக்கும்? ஐஸ்பெட்டியின் மேல்.

அடுத்து சரோஜா அக்காவின் பதிவைத் திறந்தேன். 6.55. 6.56. 6.55.

இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒன்று ஏறிய நாளில் மற்றதும் ஏறியிருந்தது. ஒன்று இறங்கிய நாளில் மற்றதும் இறங்கியிருந்தது. இரண்டும் ஒரே விரல். அந்த வீட்டில் எல்லாம் அவருக்குத்தான் முதலில்: காப்பி, தோசை, பரீட்சை. அவருடையதைச் செய்து விரலும் மூளையும் சூடான பிறகு தன்னுடையதைச் செய்ததால்தான் அக்காவின் கோடு கொஞ்சம் மேலே, மஞ்சளில், தப்பித்து நின்றது.

ஆக, இறங்கிய கோடுகள் இரண்டு. இறங்கியவர் ஒருவர். அவர் யாரென்று தெரிந்ததும், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு எல்லாம் போய்விட்டது. நான் ஒரு நல்ல மனிதரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் கொடுத்த அன்னாசியைத் தின்றுவிட்டு வந்தேன்.

6. சமையலறையில்

“இந்தத் தடவை நான் பேசறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க அண்ணே,” என்று சொல்லித்தான் டாக்டர் லோ காரில் ஏறினார்.

அக்கா சமையலறையில் கங்குங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் லோ பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி எடுத்து ஆய ஆரம்பித்தார்.

“ஆன்ட்டி, அங்கிள் போன்ல டெஸ்ட் யாரு செஞ்சது?”

“நான்தான்மா. அவருக்குப் போனைப் பிடிக்கவே தெரியாது. தம்பிதான் கொஞ்சம் உதவி செய்யலாம்னு சொன்னாரு.”

நான் கேஸ் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி வந்து மார்க் இறங்குதுன்னு சொன்னாரே ஆன்ட்டி...”

அக்காவின் கை நின்றது. “அப்பவே தெரிஞ்சுபோச்சு. அது என் மார்க்குதானே.”

அக்கா ஒரு கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார்.

“இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு மூணு வாரம் போச்சு டாக்டர். அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. நான் அதப் பாத்துக்கிட்டே சமைப்பேன். சொன்னா அது எனக்குன்னு ஆயிடுமேன்னு பயம். எக்ஸ்ட்ரா கிளாஸ் இல்லன்னு அந்தப் பிள்ளையோட அம்மா போன்ல சொன்னாங்களாம். மறந்துட்டேன்னு சொன்னாக்கூடப் பரவால்ல. சொன்னாங்கன்னே எனக்குத் தெரியல. போன எடுத்துப் பாக்கறேன், நாலு நிமிஷம் பேசியிருக்கேன்னு காட்டுது.”

“எனக்குத் தெரியும்,” என்று ஒரு குரல் வந்தது. வாசற்படியில் மாணிக்கம் அண்ணன் நின்றிருந்தார். “அந்தம்மா கத்தும்போது, அக்காகிட்ட சொன்னேனேன்னுதான் கத்தினாங்க. சரி, நான் மறந்ததாவே இருக்கட்டும்னு விட்டேன்.”

“அப்புறம் ஏன் சாவியக் கொடுத்தீங்க?” என்று கேட்டார் டாக்டர் லோ.

“தம்பி வந்து எனக்குத்தான்னு சொன்னாரு. பழம் வேற வாங்கிட்டு வந்திருந்தாரு. ஒருவேளை எனக்கும் இருக்குதோ என்னமோன்னு...”

டாக்டர் லோ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன், எந்தக் கோடு எவ்வளவு இறங்கினாலும்.

“வாங்க ஆன்ட்டி, உங்களையும் ஒருதடவ பாத்துடுவோம்,” என்றார்.

“வேணாம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்தா, நீ ஒண்ணும் செய்யாத, சும்மா உக்காருன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் இவர யாரு பாத்துக்குவாங்க?”

“அலமாக்! என்னமோ பெரிசா பாக்கற மாதிரி,” என்றார் அண்ணன். “மூணாவது தோசை கூட வைக்கறதில்ல.”

அக்கா சிரித்தார். சிரிப்பின் நடுவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் அருகில் வந்து கீரையை அவர் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கீரைக் கட்டையே தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

குறித்த நாளில், மருமகனிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கி, ஸ்கூல் வேனிலேயே அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே டாக்டர் லோ முதல் கேள்வியைக் கேட்டார். “காலையில என்ன சாப்பிட்டீங்க ஆன்ட்டி?”

“இட்லி, ரெண்டு,” என்றார் அண்ணன்.

“அங்கிள், வெளிய போயி உக்காருங்க.”

7. முதுகைத் திருப்பிக்கொண்டு

முடிவு நாங்கள் பயந்ததுதான். ஆரம்ப நிலை. டாக்டர் லோ அதை மழுப்பவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் மாத்திரையால் சரிசெய்யக்கூடிய ஒரு குறையும் தெரிந்தது. அதைச் சரிசெய்தால் எவ்வளவு திரும்பும் என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார். சீக்கிரமே தெரிந்ததில் ஒரு பெரிய லாபம் உண்டு. என்ன செய்வதென்று அக்காவே யோசித்து, அக்காவே முடிவெடுத்தார். மகனிடம் தானே சொன்னார். பதினான்கு தாய்மாருக்கும் தானே போன் செய்து, இனிமேல் பேசாதீங்க, எழுதி அனுப்புங்க என்றார். ஐஸ்பெட்டியின் கதவில் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. செய்தி வந்தால் அக்கா எழுதுவார், அண்ணன் படித்துவிட்டு வண்டியெடுப்பார். வாசலில் நின்று ஒப்பிப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது பலகையைப் பார்த்து ஒப்பிக்கிறார்.

கணினிக்கு இதெல்லாம் தெரியாது. மாணிக்கம் அண்ணன் தன் விரலால் செய்ய ஆரம்பித்ததும், இழுக்கத் தெரியாமல் அவர் கோடு பாதாளத்துக்குப் போனது. ஒரு மாதத்தில் பழகி, மளமளவென்று மேலே ஏறியது. கணினி அவர் பெயருக்குப் பச்சை போட்டு, ‘குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று எழுதியது. மறதியிலிருந்து மீண்டு வந்த அதிசய மனிதர் பொந்தியானில் இருப்பதாக உலகம் பேச ஆரம்பித்துவிடப் போகிறதே என்று டாக்டர் லோ பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டார்: விரல் மாறியது.

அக்காவின் கோடு, அண்ணனுடையதைச் செய்து சூடேற்றிக்கொள்ளும் வசதி இல்லாததால், ஒரு படி இறங்கியது. அதற்குப் பிறகு இதுவரை அந்த மட்டத்திலேயே நடக்கிறது. மேலும் இறங்கலாம். இறங்கினால் யாரைப் பார்க்க வேண்டும் என்பதாவது இப்போது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே, புதிதாக வருகிறவர்களே, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். நேரத்தைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் அந்தப் போன் யார் கையில் இருந்திருக்கும் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனால், யார் யாருக்காகப் பதில் சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்கில் ‘கொஞ்சம்’ என்று சொல்லாதீர்கள். அன்னாசி வாங்கிப் போவதில் தவறில்லை, வெறும் அன்னாசியாக இருக்கும் வரை.

போன மாதம் பொந்தியானுக்குப் போயிருந்தேன். காலை மணி பத்து. பிள்ளைகளை விட்டுவிட்டு வேன் திரும்பியிருந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, அண்ணனும் அக்காவும் முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை மண்டபம் மாதிரி அப்படியொரு அமைதி.

“ஏன்க்கா திரும்பி உக்காந்திருக்கீங்க?”

“அவரு தப்பா வச்சா என் கை சும்மா இருக்காது தம்பி,” என்றார் அக்கா, தலை நிமிராமல்.

அண்ணன் விரல் அந்தரத்தில் நின்றது. ஏதோ ஒரு பொருளின் இடம் அவருக்கு மறந்துவிட்டது போல. பழக்கதோஷத்தில் பின்னால் சாய்ந்து, “சரோஜா, இந்தக் குடை எங்க இருந்துச்சு?” என்று மெல்லக் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“உன் பரீட்சை, நீயே எழுதுய்யா,” என்றார்.